பனாமா கால்வாய் வழியா க்ரூஸ்: நம்ம நெல்லைச் சீமைக்காரங்க கேக்குற கேள்விகள்

பாளையங்கோட்டைல தெருவுக்கு நாலு வீட்லயாவது மவனோ மவளோ அமெரிக்காவுல இருக்காவ, பேரப்புள்ளயப் பாக்கப் போற அப்பா அம்மாவ சும்மா வீட்ல உக்கார வைக்க மனசு வராம பிள்ளைங்க ஒரு க்ரூஸ் புக் பண்ணிருதாவ. முன்னாடி எல்லாம் பஹாமாஸ், அலாஸ்கான்னு போனாவ, இப்பம் பனாமா கால்வாய்ன்னு டிக்கெட் வருது. நானும் எங்க வீட்லயும் அப்பிடித்தான் போய்ட்டு வந்தோம். அதுல இருந்து சொந்தக்காரங்க, பழைய ஆபீஸ் ஆளுங்க, வாக்கிங் கூட்டாளிங்கன்னு ஆளாளுக்கு கேக்காவ, ஒவ்வொருத்தருக்கும் ஃபோன்ல சொல்லி மாளல, அதான் எழுதிட்டேன்.

ஒண்ணு மட்டும் முன்னாலயே சொல்லிருதேன். இது ஊர் ஊரா எறங்கி கடை பாக்குற டூர் இல்ல. மழைத்தண்ணி ஒரு கப்பல எப்பிடி மலை மேல தூக்கி அந்தப் பக்கம் எறக்குதுன்னு ஒரு பகல் பூரா நின்னு பாக்குறதுக்குத்தான் இந்தக் காசு. அதுல ருசி இல்லன்னா வேற ரூட் எடுங்க, தப்பே இல்ல.

கே: அண்ணாச்சி, ரெண்டு கடலுக்கு நடுவுல வெட்டுன வாய்க்கால்தான அது? எதுக்கு கப்பல மேல தூக்கி எறக்கணும்? ரெண்டு கடலும் ஒரே மட்டத்துல இல்லயோ?

நிறைய பேரு அப்பிடித்தான் நெனைக்காவ. ரெண்டு கடல் மட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பசிபிக் பக்கம் கொஞ்சூண்டு ஒசரம், அவ்வளவுதான். வித்தியாசம் ஓதத்துலதான் இருக்கு, அட்லாண்டிக் பக்கம் ஏத்த எறக்கம் ஒரு மீட்டர் கூட வராது, பசிபிக் பக்கம் ஆறு மீட்டர் வரைக்கும் போகும். ஆனா லாக், அதாவது கப்பல ஏத்தி எறக்குற தண்ணித் தொட்டி, கட்டுனது அதுக்காக மட்டும் இல்ல, நடுவுல மலை இருக்கு. அந்த மலையக் கடல் மட்டம் வரைக்கும் வெட்டிரலாம்னுதான் சூயஸ் கால்வாய வெட்டுன ஃபிரெஞ்சுக்காரரு லெஸ்ஸெப்ஸ் 1881ல வேலைய ஆரம்பிச்சாரு, மழை பேஞ்சா சரிவு மொத்தமா வழுக்கி குழிக்குள்ள விழும், சாக்ரெஸ் ஆத்துல வெள்ளம் வரும், இதுக்கு நடுவுல காய்ச்சல்ல ஆளு ஆளா செத்தாவ, 1889ல கம்பெனியே திவால். அதுக்கப்புறம் வந்த அமெரிக்காக்காரங்க மலைய முழுசா வெட்டுறத விட்டுட்டு அந்த ஆத்தையே அணை போட்டு மறிச்சு, கடல் மட்டத்துல இருந்து 26 மீட்டர் ஒசரத்துல ஒரு ஏரிய உண்டாக்கி, கப்பல அந்த ஏரிக்கு ஏத்திவிட்டு அந்தப் பக்கம் எறக்கிட்டாவ. அதான் காட்டூன் ஏரி. 1914 ஆகஸ்ட் 15ல கால்வாய தெறந்தாவ, மொத கப்பல் பேரு ஆன்கான். அந்த நேரம் பாத்து மொத உலகப் போர் ஆரம்பிச்சிருச்சு, பேப்பர்ல பெருசா எடமே கெடைக்கல.

கே: தண்ணிய மேல ஏத்த எத்தன மோட்டார் ஓடும்?

ஒண்ணு கூட கிடையாது. இதத்தான் நான் எல்லார்ட்டயும் அடிச்சு சொல்லுதேன், யாரும் நம்ப மாட்டேங்காவ. ஏரி மேல இருக்கு, கடல் கீழ இருக்கு, தண்ணி தானா எறங்கி வரும், வால்வத் தெறக்குறதும் மூடுறதும்தான் வேலை. லாக்குன்னா ரெண்டு பக்கமும் கதவு வச்ச ஒரு பெரிய காங்கிரீட் தொட்டி, பழைய லாக் ஒவ்வொண்ணும் 305 மீட்டர் நீளம், 33.5 மீட்டர் அகலம். கப்பல் உள்ள வந்ததும் பின்னால கதவ அடைச்சிருவாவ, சுவருக்குள்ள ஓடுற பெரிய குழாய் வழியா தண்ணி வந்து தரையில இருக்குற ஓட்டை வழியா மேல பொங்கும், கப்பல் அதோட சேந்து ஒசரும். பத்து நிமிசம் கூட ஆகாது. உள்ள தண்ணியும் முன்னால உள்ள தொட்டித் தண்ணியும் ஒரே மட்டத்துக்கு வந்தப்புறம்தான் அடுத்த கதவு தெறக்கும். அட்லாண்டிக் பக்கத்துல இருந்து போனா காட்டூன் லாக்ல மூணு படி ஏறணும், அந்தப் பக்கம் பெத்ரோ மிகேல்ல ஒரு படி, மிராஃப்ளோரஸ்ல ரெண்டு படி எறங்கணும். நூறு வருசத்துக்கு மேல ஆகியும் அதே தொட்டி, அதே தத்துவம்.

கே: அப்பிடின்னா ஒவ்வொரு கப்பலுக்கும் நல்ல தண்ணி கடலுக்குப் போகுதா? அநியாயமால்லா இருக்கு!

போகத்தான் செய்யுது. பழைய லாக்ல ஒரு கப்பல் கடக்குறதுக்கு சுமார் 20 கோடி லிட்டர் ஏரித் தண்ணி கடலுக்குப் போயிரும். அதே ஏரியில இருந்துதான் பனாமா சிட்டிக்கும் அட்லாண்டிக் கரையில உள்ள கோலோன் ஊருக்கும் குடிதண்ணியும் போகுது. அதனால காலையில பேப்பரப் பிரிச்சதும் பாபநாசம் அணை இன்னைக்கு எத்தன அடின்னு நாம பாக்குற மாதிரி, உலகம் பூரா உள்ள கப்பல் கம்பெனிக்காரங்க காட்டூன் ஏரி மட்டத்த தெனம் பாக்காவ. நமக்கு கார் சாகுபடியா பிசானமான்னு கவலை, அவுகளுக்கு எத்தன கப்பல விடலாம், எவ்வளவு சரக்கு ஏத்தலாம்னு கவலை. 2023ல எல் நீன்யோ வந்து மழை பொய்ச்சப்ப தெனமும் 36 கப்பல் போய்ட்டிருந்த இடத்துல வருசக் கடைசியில 24, 22ன்னு கொறச்சுட்டாவ, கப்பலுங்க கடல்ல வரிசையா நின்னுச்சு, முந்திப் போக ஏலத்துல கோடிக்கணக்குல காசு கொடுத்த கம்பெனியும் உண்டு. 2024ல மழை வந்தப்புறம்தான் பைய சரியாச்சு. க்ரூஸ் கப்பலுங்க ரொம்ப முன்னாலயே நாள் குறிச்சு இடம் வாங்கிருததால அவுகளுக்கு பெருசா அடி விழல.

கே: ஃபுல் ட்ரான்சிட், பார்ஷியல் ட்ரான்சிட்னு ரெண்டு போட்டிருக்கு, எத எடுக்க?

பார்ஷியல்ன்னா ஃப்ளோரிடாவுல ஏறி, கரீபியன்ல ரெண்டு மூணு ஊரு பாத்துட்டு, காட்டூன் லாக்ல மூணு படி ஏறி ஏரிக்குள்ள போயி, அங்கன சின்ன போட்ல எறங்கி டூர் போறவங்க போக, மத்தவங்களோட கப்பல் அப்பிடியே திரும்பி அதே லாக் வழியா எறங்கி ஃப்ளோரிடாவுக்கே வந்துரும். பத்து பதினோரு நாள்ல முடியும். ஃபுல்ன்னா இந்தக் கடல்ல இருந்து அந்தக் கடலுக்கு, ஃப்ளோரிடாவுல ஏறி கலிஃபோர்னியாவுல எறங்குறது, இல்ல மாத்தி. ரெண்டு வாரத்துக்குக் கொறையாது, அதுல பாதி நாளு வெறுங்கடல்.

என்னையக் கேட்டா ஃபுல்தான். எதுக்குன்னா மலைய வெட்டுன எடம், அந்த குலேப்ரா வெட்டு, அது பார்ஷியல்ல வராது. சுமார் 13 கிலோமீட்டருக்கு ரெண்டு பக்கமும் படி படியா செதுக்குன மலை, நடுவுல கப்பல், அதப் பாக்காம வந்தா கல்யாணத்துக்குப் போயி பந்தில உக்காராம வந்த கணக்குதான். ஆனா முழங்கால் வலி, லீவு இல்ல, ரெண்டு வாரம் கப்பல்ல அடைஞ்சு கெடக்க முடியாதுன்னா பார்ஷியல் எடுங்க, லாக் வேல செய்யுற விதம் அதுலயும் முழுசாத் தெரியும்.

கே: எந்த மாசம் நல்லாருக்கும்?

டிசம்பர் நடுவுல இருந்து ஏப்ரல் வரைக்கும் அங்க மழை கொறவு. ஏப்ரல் மே, செப்டம்பர் அக்டோபர்ல அலாஸ்காவுக்குப் போற வார கப்பலுங்க இந்த வழியா எடம் மாறும், அப்பம் ஃபுல் ட்ரான்சிட் டிக்கெட் கொஞ்சம் மலிவா மாட்டும். மழைக்காலத்துல போனாலும் ஒண்ணும் குடி முழுகாது, மத்தியானம் ஒரு கொட்டு கொட்டும், அப்புறம் வெயில். புழுக்கம் மட்டும் எந்த மாசமும் உண்டு, மெல்லிசான பருத்தி சட்டை போதும்.

கே: பால்கனி ரூம் எடுத்தா உள்ள இருந்தே பாத்துக்கிடலாம்லா? வலதா இடதா?

பால்கனி வேணும்னா எடுங்க, ஆனா கால்வாய்க்காக எடுக்காதிய. கப்பல் 32 மீட்டர் அகலம்னு வைங்க, தொட்டி 33.5, ரெண்டு பக்கமும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் இடம். கீழ் டெக் பால்கனில நின்னா மொதல்ல உங்க மூக்குக்கு நேரா காங்கிரீட் சுவருதான். அதுவும் ஒரு காட்சிதான்னு வைங்களேன், ஈரமா, பச்சப் பாசி ஒட்டுன சுவரு பைய பைய கீழ எறங்கிட்டே போகும், சுவரு எறங்கல, நாமதான் ஏறுதோம்னு வயித்துக்கு மொதல்ல தெரியும், கண்ணுக்கு அப்புறந்தான். எங்க வீட்ல கையை நீட்டி அந்தச் சுவரத் தொடப் பாத்தாவ, ஒரு ஆளு பிடிச்சு இழுத்து உள்ள விட வேண்டியதாப் போச்சு.

முழுசாப் பாக்கணும்னா கப்பல் முன்னால மூக்குப் பக்கம் உள்ள டெக்குக்குப் போங்க, அன்னைக்கு மட்டும் நிறைய கப்பல்ல அதத் தெறந்து விடுவாவ. அஞ்சு மணிக்கே ஆளு வந்து இடம் பிடிச்சிரும். அப்புறம் பத்து மணிக்கு மேல வெயில் தாங்காம பாதிப் பேரு ஏசிக்குள்ள போயிருவாவ, அப்பம் பின்பக்க டெக்குக்குப் போங்க, கூட்டமே இருக்காது, நாம விட்டுட்டு வந்த தொட்டிய கீழ பாத்தாத்தான் எவ்வளவு ஏறியிருக்கோம்னு ஒறைக்கும். வலது இடதுன்னு பெரிய வித்தியாசம் இல்ல. லாக் ரெண்டு ரெண்டு தொட்டியா ஜோடியா இருக்கும், பக்கத்துத் தொட்டியில சரக்குக் கப்பல் வந்தா அந்தப் பக்கம் இருக்குறவங்களுக்கு யோகம்.

கே: அன்னைக்கு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என்னதான் நடக்கும், வரிசையா சொல்லுங்க மாமா.

விடிய முன்னாடியே கோலோன் பக்கம் கப்பலுங்க நங்கூரம் போட்டு விளக்கு போட்டுக்கிட்டு நிக்குறது தெரியும். கால்வாய் பைலட், அதாவது கப்பலுக்கு வழி காட்டுறவரு, ஏறுவாரு. வேற துறைமுகத்துல எல்லாம் பைலட் யோசனை சொல்லுவாரு, கப்பல் கேப்டன் கையில இருக்கும், இங்க அப்பிடி இல்ல, பைலட் ஏறிட்டா கப்பல ஓட்டுற பொறுப்பு அவருதுதான். அட்லாண்டிக் பாலத்துக்குக் கீழ போவோம், அது 2019ல தெறந்தது. அப்புறம் காட்டூன் லாக் முன்னால ஒரு பெரிய அம்புக்குறி நிக்கும், எந்தத் தொட்டிக்குள்ள போகணும்னு அது காட்டும்.

இப்பம் நான் சொல்லுற காட்சிய மட்டும் தவறவிடாதிய. இவ்வளவு பெரிய கப்பல், கோடி கோடியா காசு, கம்ப்யூட்டரு, எல்லாம் இருக்கு, ஆனா மொத கயித்தக் கப்பலுக்குக் கொண்டு வாரது யாரு தெரியுமா, துடுப்பு போட்டு வார சின்னப் படகுல ரெண்டு பேரு! கப்பல் மூக்குக்குக் கீழ ஒரு கொட்டாங்கச்சி மாதிரி ஆடிக்கிட்டு வந்து, ஒருத்தர் துடுப்பப் பிடிச்சு படக நிறுத்த, ஒருத்தர் கயித்த நீட்ட, மேல உள்ள ஆளு வாங்கிக்கிடுவாரு. நூறு வருசமா மாத்திப் பாத்திருக்காவளாம், இதவிட ஒழுங்கா எதுவும் வேல செய்யலன்னு அறிவிப்புல சொன்னாவ.

கயிறு மாட்டுனதும் ரெண்டு கரையிலயும் தண்டவாளத்துல வெள்ளி நெறத்துல சின்ன எஞ்சின் வரும், அதுக்கு மூலா, அதாவது கோவேறு கழுதைன்னு பேரு, மிட்சுபிஷி செஞ்சது. அது கப்பல இழுக்குதுன்னு எல்லாரும் நெனைக்காவ, உண்மையில கப்பல் தன்னோட எஞ்சின்லதான் போகும், கழுதை ரெண்டு பக்கமும் கம்பியப் பிடிச்சு கப்பல் சுவத்துல இடிக்காம நடுவுல நிறுத்தும். டிங் டிங்னு மணி அடிச்சுக்கிட்டே இருக்கும், அன்னைக்கு ராத்திரி தூக்கத்துலயும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு. கதவு ஒவ்வொரு இலையும் ரெண்டு மீட்டர் தடிமன், ரெண்டும் ஆங்கில வி எழுத்து மாதிரி சாஞ்சு மூடும், தண்ணி தள்ளத் தள்ள இன்னும் இறுக்கமா ஒட்டிக்கிடும். மூடுனதும் அதுமேல நடைபாதை ஆயிரும், டிபன் பாக்ஸோட ஒருத்தரு சாவகாசமா இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு நடந்து போனாரு, நம்ம கப்பல ஏறெடுத்துக் கூடப் பாக்கல.

மூணு படி ஏறுனா ஏரி. 1913ல நெறைஞ்ச ஏரி, அப்பம் உலகத்துலயே மனுசன் உண்டாக்குன ஏரியில அதுதான் பெருசு. முங்குன மலையோட உச்சியெல்லாம் தீவா நிக்கும், அதுல பார்ரோ கொலொராடோங்குற தீவுல அமெரிக்காவோட ஸ்மித்சோனியன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க காட்ட ஆராய்ச்சி பண்ணுதாவ. மத்தியானம் சாப்பிட்டு ஒரு கண் அசரணும்னா இங்கதான் அசரணும், ஏன்னா அடுத்தது குலேப்ரா வெட்டு. அங்கன தூங்குனா என் கூட பேசாதிய. அப்புறம் செண்டெனியல் பாலம், பெத்ரோ மிகேல், சின்னதா ஒரு ஏரி, மிராஃப்ளோரஸ். மிராஃப்ளோரஸ்ல கரையில மாடி மாடியா ஜனங்க நின்னு நமக்கு கை காட்டுவாவ, நாமளும் காட்டுவோம், என்னமோ நாமதான் கப்பல ஓட்டிட்டு வந்த மாதிரி ஒரு நெனப்பு. கடைசியில 1962ல கட்டுன அமெரிக்காக்கள் பாலம், அதத் தாண்டுனா பசிபிக். எட்டுல இருந்து பத்து மணி நேரம் ஆகும், நீளம் என்னமோ 80 கிலோமீட்டர்தான், அதாவது நெல்லையில இருந்து நாகர்கோவில் போற தூரம்.

இன்னொண்ணு, கையில காம்பஸ் வச்சுப் பாருங்க. மேற்க உள்ள கடலுக்குப் போறோம்னு நெனைப்பிய, ஆனா கப்பல் தென்கிழக்கப் பாத்துப் போகும். அந்த நிலம் அப்பிடி வளைஞ்சு கெடக்கு, பசிபிக் வாசல்தான் அட்லாண்டிக் வாசலுக்குக் கெழக்க இருக்கு.

கே: புது லாக் கட்டியிருக்காங்களாமே, அது வழியா போனா நல்லதா?

2016 ஜூன் 26ல தெறந்தாவ, அட்லாண்டிக் பக்கம் அகுவா க்ளாரா, பசிபிக் பக்கம் கோகோலி. தொட்டி 427 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். பெரிய கப்பல் இதுலதான் போகும். பக்கத்துலயே தண்ணி சேமிக்குற கொளங்க கட்டி, ஒரு தடவ விட்ட தண்ணில 60 சதம் திரும்பப் பயன்படுத்துதாவ. ஆனா இங்க கழுதை கிடையாது, டக்னு சொல்லுற இழுவைப் படகுதான் பிடிச்சுக்கிட்டு வரும், கதவும் பக்கவாட்டுல நகந்து மூடும். பாக்குறதுக்குப் பழசுதான் அழகு. புக் பண்ணும்போது கப்பல் அகலத்தப் பாருங்க, சுமார் 32 மீட்டருக்குள்ள இருந்தா பழைய லாக்.

கே: அதக் கட்டும்போது நிறைய பேரு செத்தாவளாமே, உண்மையா?

உண்மைதான். ஃபிரெஞ்சுக்காரங்க காலத்துல சுமார் 22,000 பேருன்னு கணக்கு சொல்லுதாவ, அமெரிக்கா காலத்துல பதிவானது 5,609. கொசுதான் எமன்னு ஃபிரெஞ்சுக்காரங்களுக்குத் தெரியாது, ஆஸ்பத்திரில எறும்பு ஏறக்கூடாதுன்னு கட்டில் காலுக்கெல்லாம் தண்ணிக் கிண்ணம் வச்சிருக்காவ, அதுலயே கொசு முட்டை போட்டு நோயாளியக் கடிச்சு அடுத்த ஆளுக்குப் பரப்பிருக்கு. அப்புறம் கோர்காஸ்னு ஒரு டாக்டரு வந்து தேங்குன தண்ணியிலெல்லாம் எண்ணெ ஊத்தி, ஜன்னலுக்கு வலை அடிச்சு மஞ்சக்காய்ச்சல ஒழிச்சுக் காட்டுனாரு, அவரு இல்லன்னா கால்வாயே இல்ல. மண்ணு வெட்டுனவங்கள்ல பெரும்பாலும் பார்படோஸ் மாதிரி கரீபியன் தீவுல இருந்து வந்த கறுப்பின மக்கள். வெள்ளக்காரங்களுக்கு தங்கத்துலயும் இவுகளுக்கு வெள்ளியிலயும் சம்பளம், குடியிருப்பு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அதே கணக்குல தனித்தனி. கப்பல்ல மைக்குல சொல்லிட்டு வார வர்ணனையில எஞ்சினியர் பெருமைதான் அதிகம், இது ரெண்டு வரில முடிஞ்சுரும், எனக்கு அது பிடிக்கல. வ.உ.சி.ய கைது பண்ணி 1908 மார்ச் 13ல நம்ம திருநெல்வேலி கொந்தளிச்சுதே, அன்னைக்கும் குலேப்ராவுல இந்த ஜனங்க மண்ணு வெட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்காவ.

கால்வாய் பனாமா நாட்டு கைக்கு வந்தது 1999 டிசம்பர் 31 மத்தியானந்தான், 1977ல போட்ட ஒப்பந்தப்படி.

கே: விசா என்னென்ன வேணும்?

அமெரிக்காவுல ஏறி எறங்குற கப்பல்னா அமெரிக்க விசா, அதுவும் பல தடவ நுழையுற விசா வேணும், ஏன்னா நடுவுல வெளிநாட்டுக்குப் போயி திரும்ப உள்ள வாரிய. பனாமா, கொலம்பியா, கோஸ்டா ரிகா, மெக்சிகோன்னு கப்பல் நிக்குற ஒவ்வொரு நாட்டுக்கும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு விதி வேற வேற, கப்பல்ல வந்து அன்னைக்கே திரும்புறவங்களுக்கு ஒண்ணு, விமானத்துல வாரவங்களுக்கு ஒண்ணு. மவன் அமெரிக்க பாஸ்போர்ட் வச்சிருக்கான், அவனுக்கு ஒண்ணும் கேக்கலன்னு நீங்களும் சும்மா இருந்துராதிய. உங்க பாஸ்போர்ட்டச் சொல்லி கப்பல் கம்பெனிட்ட எழுத்துல பதில் வாங்கி வச்சுக்கிடுங்க, அந்தந்த நாட்டுத் தூதரகப் பக்கத்துலயும் சரி பாருங்க. ஏறுற எடத்துல பேப்பர் சரியில்லன்னா ஏத்த மாட்டாவ, காசும் வராது.

கே: மஞ்சக்காய்ச்சல் ஊசி போட்டே ஆகணுமா?

நம்ம நாட்டு விதிதான் இதுல கறாரு. மஞ்சக்காய்ச்சல் உள்ள நாடுன்னு இந்தியா வச்சிருக்குற பட்டியல்ல பனாமாவும் கொலம்பியாவும் உண்டு. அங்கருந்து கெளம்பி ஆறு நாளைக்குள்ள இந்தியாவுல எறங்குனா ஊசி போட்டதுக்குக் குடுக்குற மஞ்ச அட்டையக் காட்டணும், இல்லன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா வச்சிருவாவ. க்ரூஸ் முடிஞ்சு மவன் வீட்ல ஒரு மாசம் இருந்துட்டு வாரவங்களுக்கு இந்தப் பிரச்சினை வராது, கப்பல்ல இருந்து எறங்கி நேரா ஊருக்கு ஃப்ளைட் பிடிக்கிறவங்கதான் உசாரா இருக்கணும். ஊசி போட்டு பத்து நாளுக்கு அப்புறந்தான் அட்டை செல்லும், ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும். இதுக்கு சென்னைக்கு ஓட வேண்டாம், தூத்துக்குடி துறைமுக சுகாதார ஆபீஸ்லயே போடுதாவ, எந்தக் கெழமைன்னு கேட்டுட்டுப் போங்க. அறுபது தாண்டுனவங்களும் முட்டை ஒத்துக்கிடாதவங்களும் டாக்டர்ட்ட பேசாம போட்டுறாதிய, இது உயிருள்ள கிருமிய வச்சு செய்யுற ஊசி.

கே: இங்கருந்து எப்பிடிப் போக?

வாகைக்குளம் ஏர்போர்ட்ல இருந்து சென்னை, இல்ல நேரா திருவனந்தபுரம் போயி அங்கருந்து வளைகுடா வழியா அமெரிக்கா. நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் உள்ளவங்களுக்கு திருவனந்தபுரம்தான் லேசு. கப்பல் கெளம்புறதுக்கு ஒரு நாள் முன்னாடியாவது அந்த ஊருக்குப் போயிருங்க, ஃப்ளைட் லேட்டானா கப்பல் நமக்காக நிக்காது.

கே: சைவம் கெடைக்குமா? எங்க அத்தை வெங்காயம் பூண்டு கூட தொட மாட்டாவ.

கெடைக்கும், ஆனா புக் பண்ணும்போதே எழுதிக் குடுக்கணும், கப்பல்ல ஏறுன மொத நாள் ராத்திரி மெயின் டைனிங்ல ஹெட் வெயிட்டர்ட்ட திரும்பவும் சொல்லணும். முக்காவாசிக் கப்பல்ல அடுப்படியில நம்ம நாட்டுக்காரங்க இருக்காவ, பருப்பு, சப்பாத்தி, ஒரு கூட்டு தனியா செஞ்சு குடுப்பாவ. வடக்கத்திய ருசிதான், சொதிக்கும் புளிக்கொழம்புக்கும் ஏங்காதிய. நாங்க பருப்புப் பொடியும் நார்த்தங்கா ஊறுகாயும் கொண்டு போனோம், அல்வாவும் கொண்டு போனோம், அத மேசைல உள்ளவங்களுக்குக் குடுத்ததுல இருந்து அந்த வெயிட்டர் தம்பி எங்களக் கவனிச்ச கவனிப்பே வேற. அமெரிக்காவுல எறங்கும்போது தின்பண்டம் எதுவா இருந்தாலும் மறைக்காம டிக்ளேர் பண்ணிருங்க, பழம், விதை, கறி வகை கொண்டு போகவே வேண்டாம். கப்பல்ல இருந்து துறைமுகத்துல எறங்கும்போதும் ஆப்பிள் வாழைப்பழத்தப் பையில போட்டுக்கிட்டு எறங்காதிய.

கே: அம்மாவுக்கு எழுபத்தஞ்சு வயசு, ஆட்டம் தாங்குவாவளா?

கால்வாய்க்குள்ள ஆட்டமே கிடையாது, தரையில நிக்குற மாதிரிதான். கரீபியன்ல காத்து அடிச்சா ஆடும், கீழ் டெக்ல கப்பல் நடுவுல ரூம் எடுத்தா கொஞ்சம் தேவல. சக்கர நாற்காலி வேணும்னா முன்கூட்டி சொல்லணும். சுகர், பிரஷர் மாத்திரைய டாக்டர் சீட்டோட கைப்பையிலயே வச்சுக்கிடுங்க, பெட்டியில போட்டா ரூமுக்கு வந்து சேர ராத்திரி ஆயிரும். கப்பல்ல டாக்டர் உண்டு, பில்லப் பாத்தாத்தான் நெஞ்சு வலிக்கும், அதனால கப்பல்ல இருந்து கரைக்குத் தூக்கிட்டுப் போற செலவும் சேந்த இன்சூரன்ஸ் இல்லாம வயசானவங்கள ஏத்தாதிய.

கே: டிக்கெட் போக வேற என்ன பிடுங்குவாவ?

தலைக்கு ஒரு நாளைக்கு பதினாறுல இருந்து இருபது டாலர் வரைக்கும் டிப்ஸ்னு தானா ஏறும். வைஃபை தனி. செல்ஃபோன ஃப்ளைட் மோட்ல போட்டுருங்க, கப்பல் டவர்ல மாட்டுனா பில்லு எகிறும். எறங்கிப் பாக்குற டூர் தனிக் காசு. பனாமாவுல அமெரிக்க டாலரே ஓடும், மாத்த வேண்டாம். கால்வாய்க்கு கப்பல் கட்டுற சுங்கம் நம்ம டிக்கெட்லயே சேந்துருக்கும், அது லேசுப்பட்ட காசு இல்ல, 2010ல நார்வீஜியன் பேர்ல்னு ஒரு க்ரூஸ் கப்பல் 3,75,600 டாலர் கட்டிருக்கு. 1928ல ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன்னு ஒரு மனுசன் கால்வாய நீந்திக் கடந்து, அவரு எடைக்குக் கணக்குப் போட்டு 36 சென்ட் கட்டுனாரு!

கே: சூயஸ் நமக்குப் பக்கம்லா, அதுல போனா என்ன?

சூயஸ் 1869 நவம்பர் 17ல தெறந்தது, 193 கிலோமீட்டர், லாக்கே கிடையாது, கடல் மட்டத்துலயே நேராப் போகும். ரெண்டு பக்கமும் மணலு, கப்பலுங்க வரிசையாப் போகும், பாக்குறதுக்கு ஒரு கம்பீரம் இருக்கத்தான் செய்யுது, ஆனா ஏத்த எறக்கம் இல்லாததால மூணு மணி நேரத்துல கொட்டாவி வந்துரும்னு அதுல போன நம்ம கப்பல்காரத் தம்பிங்களே சொல்லுதாவ. 2021 மார்ச்ல எவர் கிவன்னு ஒரு சரக்குக் கப்பல் குறுக்க மாட்டி ஆறு நாள் அடைச்சுக்கிட்டு நின்னுதே, அதுல இருந்த மாலுமிங்க 25 பேரும் இந்தியர்கள்தான். 2023 கடைசியில இருந்து செங்கடல்ல கப்பல் மேல தாக்குதல் நடந்ததால க்ரூஸ் கம்பெனிங்க நிறைய பேரு அந்த வழிய விட்டுட்டாவ. டிக்கெட் போடுறதுக்கு முன்னால அப்பப்ப நெலவரத்தப் பாத்துக்கிடுங்க.

கே: நம்ம சேதுசமுத்திரத்துல இப்பிடி லாக் வந்திருக்குமா?

வந்திருக்காது. அது கடலுக்கு அடியில மணலத் தோண்டி ஆழப்படுத்துற திட்டம், ஏத்தி எறக்க ஒண்ணும் இல்ல. 2005 ஜூலை 2ல மதுரையில தொடங்கி வச்சாவ, அப்புறம் கோர்ட்டு கேசுன்னு நின்னுபோச்சு. இதுக்கு மேல இத எழுதுனா சண்டைதான் வரும்.

கே: க்ரூஸ்க்கு அவ்வளவு காசு இல்ல, கால்வாய மட்டும் பாக்க வழி இருக்கா சார்?

இருக்கு. அமெரிக்காவுல இருந்து விமானத்துல பனாமா சிட்டிக்குப் போயிட்டா, மிராஃப்ளோரஸ் லாக் பக்கத்துலயே பார்வையாளர் மாடி இருக்கு, டிக்கெட் எடுத்து நின்னு பாக்கலாம். பெரிய கப்பலுங்க நாள் முழுக்க வராது, காலையில ஒரு கூட்டம், மத்தியானத்துக்கு அப்புறம் ஒரு கூட்டம்னு வரும், அதனால ஓட்டல்ல கேட்டுட்டு நேரம் பாத்துப் போங்க, நடுப்பகல்ல போனா காலித் தொட்டியப் பாத்துட்டு வரணும். ஒரு நாள் டூர் போட்லயும் லாக்குக்குள்ள கூட்டிட்டுப் போறாவ, மிராஃப்ளோரஸ், பெத்ரோ மிகேல் ரெண்டையும் அரை நாள்ல காட்டுற டிக்கெட்தான் அதிகம் ஓடுது, முழுக் கால்வாயும் கடக்குறது சில நாள்தான் உண்டு, தேதிய முன்கூட்டிப் பாத்துக்கிடணும். சின்ன போட்ங்கறதால தண்ணிக்குப் பக்கத்துலயே நிப்பிய, தண்ணி கீழ இருந்து பொங்குறது க்ரூஸ் கப்பல விட இதுல நல்லாத் தெரியும். தொப்பியும் தண்ணி பாட்டிலும் எடுத்துக்கிடுங்க, மேல் தட்டுல நெழல் கம்மி.